கார் ஷெட்டுக்கு எத்தனை வாட் ஹீட்டர்? கேள்வி பதில்

ஊட்டி: 10-க்கு 18 அடி ஷெட், உயரம் 8 அடி. மேலே தகர ஷீட், முன்னால் ஷட்டர். சாயந்திரம் உள்ளே மரவேலை செய்வேன். 2000 வாட் போதுமாண்ணா?

பதில்: இப்போதைக்குப் போதாது தம்பி. சதுர அடிக்கு 10 வாட் என்று கடையில் சொல்லும் கணக்கு சீலிங் போட்ட அறைக்கு. வெளியே 5 டிகிரி, உள்ளே 15 வேண்டும், சுவர் 9 அங்குலச் செங்கல் என்று வைத்துக்கொண்டால், தகரம் வழியாக மட்டும் ஏறக்குறைய 1200 வாட் போகிறது. சுவரில் 700, ஷட்டரில் 300, இடுக்குக் காற்றில் 300. ஆக 2500. ஷீட்டுக்கு அடியில் 50 மி.மீ. ராக்வுல் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் கல்நார்ப் பஞ்சு அல்ல, பாறையை உருக்கி இழுத்த இழைப் பஞ்சு) வைத்து ஜிப்சம் போர்டு அடித்துவிட்டால் கூரை வழி இழப்பு 200-க்குக் கீழே வந்துவிடும். பிறகு அதே 2000 தாராளம். முதல் செலவு கூரைக்குத்தான்.

வோல்டேஜையும் பாருங்கள். 230-க்குச் செய்த 2000 வாட் ஹீட்டர், 200 வோல்ட்டில் 1500 வாட்தான் தரும். தனி 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

குன்னூர்: 2000 வாட் போதுமா சார்?

பதில்: நீளம், அகலம், உயரம், கூரை எழுதுங்கள்.

கொடைக்கானல்: ஹீட்டர் எதுக்குங்க? தாத்தா காலத்துல இருந்து கரி அடுப்புதான்.

பதில்: மூடிய ஷெட்டுக்குள் கரி வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசமில்லை. புகை அடங்கிச் செக்கச்செவேல் என்று கிடக்கும் கரியும் அதை விட்டுக்கொண்டேதான் இருக்கும். தலைவலி, மயக்கம், அப்புறம் எழுந்திருக்க முடியாது.

கொடைக்கானல்: தாத்தாவுக்கு ஒண்ணும் ஆகலையே?

பதில்: அவர் காலத்து ஓட்டுக்கூரை இடுக்கெல்லாம் காற்று போகும். உங்கள் ஷெட்டில் ஷட்டரை இறக்கினால் எது வழி?

கோத்தகிரி: அவர் சொல்றதும் சரிதானேண்ணா, ஷட்டரை ஒரு சாண் தூக்கிவிட்டா?

பதில்: ஒரு சாணை நம்பி உயிரை வைக்க முடியாது. அந்தக் குளிர்காற்றுக்கு ஹீட்டரும் ஈடுகொடுக்காது. புகைபோக்கி வைத்த விறகு அடுப்பு என்றால் பேசலாம், வண்டி நிற்காத அறையில். பெட்ரோல் ஆவி தரையோடு தவழும். மின்சார ஹீட்டரைக்கூடச் சுவரில் உயரத்தில் மாட்டுங்கள்.

கேத்தி: கேஸ் ஹீட்டர்?

பதில்: 1 கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி. புகைபோக்கி இல்லாவிட்டால் அத்தனையும் உங்கள் உளி, ரம்பத்தில் துருவாக இறங்கும். கரிக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும்தான்.

லவ்டேல்: எங்களுக்கும் 2000 போதுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கூரை என்ன கூரை?