லிங்கன் தோத்தது எட்டு ஓட்டுல, சத்தியமா எட்டுதான்

"1858-ல லிங்கன் கட்சிக்குத்தான் ஓட்டு ஜாஸ்தின்னா டக்ளஸ் எப்படி செனட்டர் ஆனாரு?"ன்னு கேட்டிருக்கீங்க. (லிங்கன் ரிபப்ளிகன் கட்சி, அவர எதிர்த்து நின்ன டக்ளஸ் டெமாக்ரட் கட்சி.) யார்கிட்டயோ சண்டை போட்டுட்டு வந்துதான் கேக்குறீங்கன்னு தோணுது, ஏன்னா சும்மா இருக்கிற யாருக்கும் இந்த சந்தேகம் வராது. எனக்கும் இதுல ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு.

நான் இருக்கிறது இல்லினாய்ல, சிகாகோ பக்கம். ரெண்டு வருஷம் முன்னாடி இங்க ஒரு பொங்கல் விழாவுல க்விஸ் வச்சாங்க. பைனல்ல நானும் என் சகலையும் எதிரெதிர் டீம். கடைசி கேள்வி, "1858-ல டக்ளஸ்கிட்ட லிங்கன் எத்தனை ஓட்டு வித்தியாசத்துல தோத்தாரு?" நான் பஸ்ஸர அமுக்கி "எட்டு"ன்னேன். ஹால் முழுக்க சிரிப்பு. "எட்டு ஓட்டா? வார்டு எலெக்ஷனா சார் அது?"ன்னு மைக்கிலயே கேட்டாரு க்விஸ் நடத்தினவரு. சகலை "ஒரு நாலாயிரம் இருக்கும்"னாரு, கார்டுலயும் நாலாயிரம்னே இருந்துச்சு, பரிசு குக்கர் அவருக்குப் போயிடுச்சு.

சரி, விஷயத்துக்கு வரேன். அன்னைக்கு ஓட்டுச்சீட்டுல லிங்கன் பேரும் கிடையாது டக்ளஸ் பேரும் கிடையாது. 1913 வரைக்கும் அமெரிக்கால வாஷிங்டன் செனட்டர மாநில சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும், ராஜ்யசபா எம்பிக்கு எம்எல்ஏங்க ஓட்டுப் போடற மாதிரி. இல்லினாய் சட்டசபைல கீழ்சபைக்கு 75 பேரு, மாநில செனட்டுக்கு 25 பேரு, ஆக நூறு. 1859 ஜனவரில இவங்க உக்காந்து ஓட்டுப் போட்டாங்க, டக்ளஸ் 54, லிங்கன் 46. கழிச்சுப் பாருங்க, எட்டு வருதா இல்லையா?

அப்ப அந்த நாலாயிரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, இதுதான் எனக்கு வயித்தெரிச்சல். அதே 1858 நவம்பர்ல மாநில டிரெஷரர் பதவிக்கும் எலெக்ஷன் நடந்துச்சு. மாநிலம் பூரா ஒரே பேருக்கு ஓட்டு விழுந்ததால மக்கள் யார் பக்கம்னு அளக்க எல்லாரும் அதத்தான் எடுத்துப்பாங்க. ரிபப்ளிகன் ஆளுக்கு 1,25,000 சொச்சம், டக்ளஸ் கட்சிக்காரருக்கு 1,21,000 சொச்சம். அதாவது நாலாயிரம் கூட வாங்குனது லிங்கன் கட்சி! எங்கேயோ நெட்ல பாத்து தலகீழா எழுதிட்டாங்க கார்டுல.

உடனே கமென்ட்ல வருவீங்கன்னு தெரியும், டிரெஷரர் ஓட்டும் லிங்கன் ஓட்டும் ஒண்ணான்னு. ஒண்ணு இல்லதான். பிரசிடென்ட் புக்கானன் கோஷ்டி டெமாக்ரட்டுக்கும் ஒரு 5,000 ஓட்டு விழுந்திருக்கு, அதையும் கூட்டினா ரிபப்ளிகனுக்குப் பாதிக்கு ஒரு இம்மி கம்மி. தொகுதிய நியாயமாப் பிரிச்சிருந்தா லிங்கன் கண்டிப்பா ஜெயிச்சிருப்பாருன்னு நான் எங்கயும் சொல்லல. ஓட்டு ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம் போச்சுன்னுதான் சொல்றேன்.

அதுக்குக் காரணம், தொகுதிகள 1850 சென்சஸ வச்சுப் பிரிச்சிருந்தாங்க, அப்ப மாநிலத்துல எட்டரை லட்சம் பேரு. 1860 சென்சஸ்ல பதினேழு லட்சம். ரயில் வந்து வடக்குப் பக்கம், சிகாகோ சுத்துவட்டாரம்லாம் ஜனம் குமிஞ்சிடுச்சு, அது ரிபப்ளிகன் ஏரியா, ஆனா சீட்டு மட்டும் பழைய கணக்குலயே நின்னுச்சு. இதுல மாநில செனட்டருக்கு நாலு வருஷ பதவி வேற, 25 பேர்ல 13 பேரு அந்த வருஷம் எலெக்ஷனே சந்திக்கல, அந்த 13-ல எட்டு பேரு டெமாக்ரட்.

இன்னொரு கூத்து இருக்கு. 1857-ல சட்டசபை தொகுதிய மாத்தி ஒரு மசோதா போட்டுச்சு, அது டெமாக்ரட் போட்டது. ரிபப்ளிகன் கவர்னர் பிஸ்ஸல் மத்த மசோதாவோட மசோதாவா அதுலயும் கையெழுத்தப் போட்டுட்டாரு! விஷயம் தெரிஞ்சதும் திருப்பி வாங்கி தன் கையெழுத்தத் தானே அடிச்சாரு. கேஸ் மாநில சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயி, அடிச்சது செல்லும்னு தீர்ப்பாச்சு, பழைய தொகுதியே தங்கிடுச்சு.

லிங்கனுக்கு இது முதல் அடியும் இல்ல. 1855-லயும் இதே சபைதான், முதல் ரவுண்டுல 45 ஓட்டோட முன்னாடி நின்னாரு. 5 ஓட்டு வாங்குன, டக்ளஸ எதிர்த்த டெமாக்ரட் டிரம்புல் கடைசில செனட்டர் ஆனாரு, ஏன்னா அந்த அஞ்சு பேரு லிங்கனுக்குப் போட மாட்டேன்னு அடம்புடிச்சாங்க, டக்ளஸ் ஆளுங்க கைக்குப் போயிடக்கூடாதேன்னு லிங்கனே தன் ஆளுங்கள அவருக்குப் போடச் சொன்னாரு. அந்தப் போட்டிக்காக, அப்பத்தான் ஜெயிச்ச கீழ்சபை சீட்ட வேற விட்டுக்கொடுத்திருந்தாரு, இடைத்தேர்தல்ல அதையும் டெமாக்ரட் தூக்கிட்டான்.

க்விஸ் முடிஞ்ச அடுத்த சனிக்கிழமையே மூணு மணி நேரம் வண்டி ஓட்டி ஸ்ப்ரிங்பீல்டு போயி பழைய சட்டசபைக் கட்டடத்தப் பாத்தேன். உள்ள வரிசையா மேஜை, கேலரி. அங்க நின்னு ஒரு போட்டோ எடுத்து "54-46"னு எழுதி க்விஸ் நடத்தினவருக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒண்ணு வந்துச்சு, அவ்ளோதான்.

குக்கர் இப்பவும் சகலை வீட்லதான் இருக்கு. போன வாரம் கூட அதுல வச்ச பருப்புதான் சாப்பிட்டேன்.