போலியோ தடுப்பூசி வேலை செய்ததா என்று ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறோம்?

புதுச்சேரியில் வைரஸ் ஆய்வகத்தில் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஆய்வுக்காக என் பேரனிடம் ரத்தம் எடுத்தார்கள். அதை என்னம்மா செய்வீர்கள்? (மஞ்சக்குப்பம், கடலூர்)

ரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்து 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவோம் ஐயா. பிறகு 96 குழித் தட்டில் 1:8, 1:16, 1:32 என்று (எட்டு மடங்கு, பதினாறு மடங்கு என) நீர்க்க வைத்து, எல்லாக் குழியிலும் ஒரே அளவு போலியோ வைரஸ் விட்டு, சில மணி நேரம் கழித்து ஆய்வகத்தில் வளர்த்த செல்களைச் சேர்ப்போம். ஐந்தாம் நாள் ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினால் விடை கண்ணுக்கே தெரியும். எதிர்ப்பொருள் (தடுப்பூசியால் உடம்பு உண்டாக்கும் காவல் புரதம்) வைரஸை மடக்கிய குழியில் செல்கள் பிழைத்து ஊதாவாக ஒட்டியிருக்கும். மற்ற குழி வெறுமையாகக் கிடக்கும். 1:8இலாவது செல்கள் பிழைத்தால் எதிர்ப்பொருள் உண்டு என்று எழுதுவோம். எவ்வளவு நீர்த்தும் பிழைக்கின்றனவோ, அவ்வளவு எதிர்ப்பொருள் அதிகம்.

எதிர்ப்பொருளைக் கண்டறியும் எலிசா சோதனையில் சீக்கிரம் முடியுமே? (ஆய்வக மாணவி, வில்லியனூர்)

முடியும். ஆனால் எதிர்ப்பொருள் வைரஸில் ஒட்டுகிறதா என்றுதான் அது சொல்லும். தடுக்கிறதா என்று சொல்வது மேலே சொன்ன சோதனைதான்.

ஊசி போடும் முன்பே பாப்பாவுக்கு எதிர்ப்பொருள் இருந்ததாம். எப்படி அக்கா? (நெட்டப்பாக்கம்)

அது நீங்கள் கொடுத்ததும்மா. கர்ப்பத்திலேயே தாயிடமிருந்து போய்விடும். பிறந்தபின் ஏறக்குறைய 28 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். இதைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். ஆறாவது வாரம் 1:64 என்றால், 14ஆவது வாரம் அது 1:16 ஆகியிருக்க வேண்டும். அன்றும் 1:64 வந்தால், 'ஏறவே இல்லை' என்று சிலர் சோர்ந்துவிடுவார்கள். உண்மையில் எதிர்பார்த்ததைவிட நான்கு மடங்கு! தடுப்பூசி வேலை செய்திருக்கிறது. எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும்.

மலம் எதற்குக் கேட்கிறார்கள்? (கடலூர் முதுநகர்)

ரத்த எதிர்ப்பொருள் பிள்ளையை வாதத்திலிருந்து காக்கும். குடலில் வைரஸ் பெருகுகிறதா என்பது வேறு விஷயம். அதனால் வலுக்குறைத்த உயிர் வைரஸ் உள்ள சொட்டு மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்து மலத்தில் வைரஸ் வருகிறதா என்று தேடுவோம். முன்பே சொட்டு மருந்து குடித்த பிள்ளைகளுக்கு ஊசியும் போட்டால் அப்படி வெளியேறும் வைரஸ் குறைகிறது என்று வேலூர் சி.எம்.சி. ஆய்வு காட்டியது.

என் மகளுக்கும் இந்தச் சோதனை செய்யலாமா? (கடலூர்)

தேவையே இல்லை. இது ஆய்வுக்கான சோதனை. பிறந்ததும், 6, 10, 14 வாரங்களிலும் சொட்டு மருந்து. 6, 14 வாரங்களிலும் 9ஆம் மாதத்திலும் ஊசி. அட்டையை எடுத்துப் பாருங்கள், விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.