கார் கழுவியாச்சு, இனி எப்படித் துடைக்கிறது? கேள்வி பதில்

மேடவாக்கம் பக்கம் கார் டீட்டெய்லிங் கடை நடத்துறேன், அதாவது காரைக் கழுவி பாலிஷ் போட்டுப் பளபளன்னு ஆக்குற வேலை. கார் கழுவுறதைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுல முக்கால்வாசி, தண்ணிய நிறுத்தின பிறகு என்ன பண்றதுங்கற கேள்விதான். நியாயம்தான், பெயின்ட் பாழாகுறது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கால் மணி நேரத்துலதான்.

பெருங்குடி, கருப்பு செடான்: அண்ணா, போர் தண்ணியிலதான் கழுவுறேன். காஞ்சதும் பானெட் பூரா வெள்ளை வெள்ளையா வட்டம். ஷாம்பு மாத்தியும் போகல.

ஷாம்பு என்ன பண்ணும் தம்பி, பாவம். போர் தண்ணியில கால்சியமும் மக்னீசியமும் கரைஞ்சிருக்கு. தண்ணி ஆவியாப் போயிடும், அதுங்க போகாது. உங்க பாத்ரூம் குழாய்ல, ஹீட்டர் காயில்ல படியுதே, அதே உப்புதான் பானெட்லயும். கருப்பு கலர்ங்கறதால பளிச்சுனு தெரியுது. வெள்ளைக் கார்லயும் இருக்கும், கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான்.

அதனால தானா காயட்டும்னு மட்டும் விட்டுடாதீங்க. காலையில ஏழு மணிக்குள்ள கழுவுங்க, இல்லைன்னா வெயில் தாழ்ந்த பிறகு. பானெட்ல கை வச்சா சூடு தெரியக் கூடாது. ஒரு பக்கம் கழுவும்போது இன்னொரு பக்கம் காயுற மாதிரி இருந்தா அங்கயும் தண்ணி காட்டிக்கிட்டே இருங்க. கடைசியா அலசும்போது ஹோஸ் முனையில இருக்கற கன்னைக் கழட்டிடுங்க. பீய்ச்சி அடிக்காம, டாப்புல இருந்து மெதுவா வழிய விடுங்க. தண்ணி பாய் விரிச்ச மாதிரி ஒண்ணா இறங்கும், தங்கியிருக்கற துளிகளையும் கூடவே இழுத்துட்டுப் போயிடும். துடைக்கிற வேலை பாதி குறைஞ்சிடும்.

இன்னொண்ணு சொல்றேன், செலவே கிடையாது. வீட்டு ஏசியில இருந்து சொட்டுற தண்ணியைப் பக்கெட்ல பிடிச்சு வைங்க. காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்து சொட்டுறதுதான் அது, உப்பு அநேகமா இருக்காது. சுத்தமான துணியில வடிகட்டி, கடைசி அலசலுக்கு அதை ஊத்துங்க. சிலர் ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளியேறுற தண்ணியைச் சேர்த்து வச்சுக் கார் கழுவுறாங்க. தண்ணிய வீணாக்காத நல்ல மனசுதான், ஆனா மெஷின் பிரிச்சுத் தள்ளுன உப்பு பூரா அந்தத் தண்ணியிலதான் இருக்கு. அதை வாசல் கழுவ வச்சுக்கோங்க.

அதே கேள்விக்கு அடியில, தாம்பரம்: ஏற்கெனவே விழுந்த வட்டத்துக்கு?

வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு. காரை நிழல்ல நிறுத்தி, துணியில நனைச்சு வட்டத்து மேல ஒரு நிமிஷம் வைங்க. தேய்க்காம எடுத்து, நல்லா அலசி, ஷாம்பு போட்டு ஒரு தடவை கழுவிடுங்க. வாக்ஸ் போட்டிருந்தா அந்த இடத்துல அது போயிடும், திரும்பப் போடணும். வினிகருக்கும் போகலைன்னா உப்பு பெயின்டை அரிச்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் பாலிஷ்தான்.

அண்ணா நகர், அப்பார்ட்மென்ட்: சார், தினமும் காலையில ஒருத்தர் வந்து துடைச்சுக் குடுக்கறார். வெயில்ல பார்த்தா கார் முழுக்க மெல்லிசா வட்டக் கோடுகள். அவரை நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாம் மேடம், வேலையை மாத்திக் குடுங்க. ஒரு பக்கெட் தண்ணி, ஒரு துணி, அதுலயே வரிசையா எல்லாக் காரும். முதல் கார்லயே தண்ணி கலங்கிடும். ராத்திரி படிஞ்ச தூசியில மணல் இருக்கு. அந்தத் துணி அதை உங்க பெயின்ட் மேல தினமும் அரைக்குது. பெயின்டுக்கு மேல பாதுகாப்பா இருக்கற கிளியர் கோட்ங்கற நிறமில்லாத பூச்சு சாதாரணமா 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடி தடிமன் கூட இருக்காது. ஒவ்வொரு தடவை பாலிஷ் போடும்போதும் அதுலயும் கொஞ்சம் குறையும்.

தினமும் கண்ணாடியும் லைட்டும் மட்டும் துடைக்கச் சொல்லுங்க. வாரம் ஒரு நாள் தண்ணி ஊத்தி முழுசா கழுவட்டும். துணி நீங்களே வாங்கிக் குடுங்க, உங்க காருக்கு மட்டும்னு சொல்லி. சம்பளத்தைக் குறைக்காதீங்க, அப்பதான் சொன்னபடி செய்வார்.

கோவை: பழைய பனியன் துணி, மஞ்சத் துணி, ஷாமாய் (தோல் மாதிரி வழவழன்னு இருக்கற துணி), மைக்ரோஃபைபர், எதுங்க நல்லது?

மைக்ரோஃபைபர், அதுலயும் துடைக்கறதுக்குன்னே வர்ற பெரிய டவல். முறுக்கின நூல் கண்ணி கண்ணியா இருக்கும், அது தண்ணிய நிறையக் குடிக்கும். ஓரத்துல இருக்கற லேபிளை முதல்ல வெட்டி எடுங்க, அதுவே கோடு போடும். ஷாமாய் தண்ணிய உறிஞ்சும், ஆனா வழவழன்னு இருக்கறதால மண் துகள் உள்ள போக இடமில்ல, பெயின்டுக்கும் துணிக்கும் நடுவுலயே உருளும். பனியன் துணியை டயருக்கு வைங்க.

டவலைத் துவைக்கும்போது கம்ஃபோர்ட் மாதிரி துணியை மிருதுவாக்குற கண்டிஷனர் எதுவும் ஊத்தாதீங்க, உறிஞ்சுறதே நின்னுடும். மத்த துணியோட சேர்த்துப் போடாதீங்க, பஞ்சு ஒட்டிக்கும். நிழல்ல காயட்டும். கீழ விழுந்த டவலை உதறிட்டுத் திரும்பக் கார்ல வைக்கறதைப் பார்த்தா எனக்கு வயிறு கலங்கும். துவைச்ச பிறகுதான் அது காருக்கு.

மதுரை: வட்டமா துடைக்கணுமா, நேராவா?

ரெண்டும் வேண்டாம்ணே. டவலை விரிச்சு பானெட் மேல படுக்கப் போடுங்க. உள்ளங்கையால மேல லேசா ஒத்துங்க. அப்புறம் ரெண்டு முனையையும் பிடிச்சு உங்க பக்கம் இழுங்க. அழுத்தவே வேண்டாம், டவலோட கனமே போதும். டாப், கண்ணாடி, பானெட், டிக்கி, கதவோட மேல்பாதின்னு இறங்கி வாங்க. கதவோட அடிப்பக்கமும் வீலும் வேற துணியில. நல்லா கழுவியிருந்தாலும் மண் கொஞ்சம் அங்கதான் மிச்சம் இருக்கும்.

திருச்சி: ரப்பர் வச்ச வாட்டர் பிளேடு? ஒரே இழுப்புல முடியுதே!

கண்ணாடிக்கு மட்டும். பெயின்ட்ல ஒரு மணல் மாட்டினா, அந்த ஒரே இழுப்புல இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் கீறல்.

ஓசூர்: ப்ளோயர் வாங்கலாமா?

தாராளமா. துணியே படாம காயுறதுக்கு மேல என்ன இருக்கு? முழுக்காருக்கும் வேண்டாம்னாலும் சைடு மிரர், கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட், பெட்ரோல் மூடி இங்கெல்லாம் அடிங்க. துடைச்சு முடிச்சுட்டோம்னு நிமிர்ந்தா மிரர்ல இருந்து கதவு மேல கோடா வழியுமே, அது இதுக்குத்தான் அடங்கும். வெறும் காத்து வர்ற மாதிரி வாங்குங்க, தலைமுடி காயவைக்கற சூட்டு மெஷின் வேண்டாம்.

வேளச்சேரி: அவசரத்துக்கு ஈரத்தோட கவர் போட்டுடலாமா?

கூடாது. ஈரம் உள்ளயே நிக்கும், கவர் காத்துல ஆடும்போது பெயின்டைத் தேய்க்கவும் செய்யும்.

சேலம்: துடைக்காம வேகமா ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தா காஞ்சுடாதா சார்?

ஈரக் கார்ல ரோட்டுத் தூசி அப்பிக்கும், துளிகள் அப்படியே இழுபட்டுக் காஞ்சு கோடு கோடா நிக்கும். முதல்ல துடைங்க. துடைச்ச பிறகு ஒரு ரவுண்டு போறது நல்லது, பிரேக்குக்காக. கழுவிட்டு நிறுத்தினா டிஸ்க்ல ஆரஞ்சு கலர்ல மெல்லிசா துரு படியும். நாலஞ்சு தடவை மெதுவா பிரேக் பிடிச்சா போயிடும், பயப்பட ஒண்ணுமில்ல. ஈரத்தோட ஹேண்ட்பிரேக்கை இழுத்து விட்டு ரெண்டு மூணு நாள் நிறுத்தினா பின்னாடி பிரேக் ஒட்டிக்க வாய்ப்பு இருக்கு. சமதளமா இருந்தா கியர்ல போட்டு, வீலுக்குக் கட்டை குடுத்து நிறுத்துங்க.