முதலில் மானிட்டரைச் சொல்லுங்கள்: கேமிங் கம்ப்யூட்டர் கேள்வி பதில்

தனித்தனியாகப் பாகம் வாங்கி நாமே பூட்டும் கேமிங் கம்ப்யூட்டர் பற்றி மட்டும் கேளுங்கள். என்ன மானிட்டர் என்று சொல்லாமல் லிஸ்ட்டை மட்டும் அனுப்பினால் பதில் சொல்ல முடியாது. விலை நிலவரமும் கேட்க வேண்டாம். நான் எழுதி முடிப்பதற்குள் மாறிவிடும்.

புதுமுகம்: அக்கா, முதல் தடவையா பில்ட் பண்றேன். பிராசஸரை முதல்ல எடுக்கணுமா, கார்டையா?

முதலில் மானிட்டர். 1080பி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 37 லட்சம். 4கே என்றால் 83 லட்சம். ஒவ்வொரு பிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு படத்துக்கும்) இத்தனையையும் வரைவது கிராபிக்ஸ் கார்டின் தலைவலி. எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான், எந்தப் பொருள் எதன்மேல் மோதுகிறது என்று கணக்குப் போடும் பிராசஸருக்கோ திரை பெரிதானால் என்ன, சிறிதானால் என்ன, வேலை ஏறக்குறைய அதே அளவுதான்.

அதனால் 4கே மானிட்டர் வைத்திருப்பவர் சுமாரான பிராசஸரோடு தப்பித்துவிடலாம், கார்டில் சிக்கனம் பார்க்க முடியாது. 1080பி-யில் 240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 240 படம்) வேண்டும் என்று துப்பாக்கிச் சண்டை ஆடுபவருக்கு நேர் எதிர். ரைசன் 7 7800எக்ஸ்3டி மாதிரி 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) உள்ள பிராசஸருக்குக் கொடுக்கும் பணம் அவருக்குத்தான் பிரேமாகத் திரும்பி வரும். இருவரும் ஒரே லிஸ்ட்டை வாங்கினால் ஒருவர் பணம் வீண்.

மானிட்டருக்கு ஏற்ற கார்டு, கார்டுக்கு ஏற்ற பிராசஸர், அதன் சாக்கெட்டுக்கு ஏற்ற போர்டு, போர்டு ஏற்கும் ரேம், எல்லாவற்றையும் தாங்கும் பவர் சப்ளை என்று வரிசையாகப் போங்கள். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கார்டுக்குப் போனால் பதற வேண்டாம், கேமிங் பெட்டிக்கு அதுதான் முறை.

பழைய பெட்டி: பி450 போர்டு, ரைசன் 5 2600, 16 ஜிபி டிடிஆர்4, ஆர்எக்ஸ் 580. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். எல்லாத்தையும் வித்துட்டு ஏஎம்5 போயிடலாம்னு நண்பர்கள் சொல்றாங்க.

மானிட்டரைச் சொல்லிக் கேட்டதற்கே நன்றி. விற்காதீர்கள். ஏஎம்டியின் புது சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் போர்டும் ரேமும் கூடவே மாற வேண்டும்; அது டிடிஆர்5 ரேம் மட்டும்தான் ஏற்கும். உங்கள் போர்டிலேயே ரைசன் 5 5600 உட்காரும். பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு, பிறகு மாற்றுங்கள். போர்டு கம்பெனியின் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான பிராசஸர் பட்டியலில் எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று போட்டிருக்கும். சில பி450 போர்டுகளில் பயாஸ் சிப் சின்னது. புதிய பதிப்பு ஏறியதும் பழைய பிராசஸர் சிலவற்றுக்கான ஆதரவு போய்விடும். அந்தக் குறிப்பையும் படித்துவிடுங்கள்.

5600-க்குப் பக்கத்திலேயே 5500 என்று ஒன்று விலை குறைவாக நிற்கும். பெயரில்தான் அண்ணன் தம்பி. 5600-ல் எல்3 கேஷ் 32 எம்பி, 5500-ல் 16. கேமில் அது நன்றாகவே தெரியும்.

கார்டில் ஒரு பொறி இருக்கிறது. கார்டு செருகும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ் பி450 போர்டில் பழைய 3.0 தான். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் அந்தப் பாதையில் 8 லேன் (தடம்) மட்டும் எடுக்கும் கார்டுகள். பழைய போர்டில் கொஞ்சம் இழப்பு இருக்கும், தாங்கலாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு 4 லேன்தான். 3.0 போர்டில் அது திணறும், பக்கமே போகாதீர்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு லாபம்: ஆர்எக்ஸ் 580 குடிப்பது 185 வாட்ஸ், 4060-க்கு 115 போதும்.

பவர் சப்ளையை மாற்றுவதாக இருந்தால் ஒன்று கவனம். பழையதும் மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டலாம்), புதியதும் மாடுலர், கேபிள் ஏற்கெனவே அழகாகக் கட்டியிருக்கிறது, பவர் சப்ளையை மட்டும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். கூடவே கூடாது. போர்டு பக்கம், கார்டு பக்கம் செருகும் முனைகளுக்குத்தான் பொது விதி உண்டு. பவர் சப்ளை பக்கம் எந்தப் பின்னில் என்ன வோல்ட்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளும் மாறும். பிளக் சமர்த்தாக உள்ளே போய் உட்காரும். சுவிட்சைப் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து, ஹார்டு டிஸ்க் அத்தனை வருடப் போட்டோக்களோடு போய்ச் சேரும். எந்தப் பவர் சப்ளையோடு வந்த கேபிளோ அந்தப் பவர் சப்ளைக்கு மட்டும்.

வாட்ஸ் வாத்தியார்: ஆர்டிஎக்ஸ் 5070, ரைசன் 5 7600. 1440பி. 850 வாட்ஸ் கோல்டு இருந்தாதான் பாதுகாப்பா?

கணக்குப் போடுவோம். கார்டு 250 வாட்ஸ். 7600-ன் அட்டையில் 65 என்று இருந்தாலும் 88 வரை இழுக்கும். ஃபேன், ரேம், டிஸ்க், போர்டு எல்லாம் சேர்த்து 50, 60. மொத்தம் ஏறக்குறைய 400. நல்ல 650 தாராளம். நாளைக்குப் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 750.

கோல்டு, பிரான்ஸ் (வெண்கலம்) என்ற 80 பிளஸ் ஸ்டிக்கரைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். 80 பிளஸ் அளப்பது எவ்வளவு மின்சாரம் சூடாக வீணாகிறது என்பதை மட்டும். ஷார்ட் ஆனால் அணைந்துகொள்ளுமா, உள்ளே கெபாசிட்டர் எப்படி, எதையும் அது சொல்லாது. ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார்டின் திடீர் இழுப்பால் மொத்த இழுப்பு 100 மைக்ரோ செகண்டுக்குப் பவர் சப்ளையின் வாட்ஸைப் போல இரண்டு மடங்கு ஆனாலும் அணையாமல் தாங்க வேண்டும் என்பது அந்த விதியில் இருக்கிறது. கார்டுக்குப் போகும் 16 பின் பிளக்கை முழுசாக அழுத்துங்கள், இடைவெளி தெரியக் கூடாது. கேபிளைப் பிளக்கின் கழுத்திலேயே ஒடித்து வளைக்காதீர்கள்.

சதவீதம்: பாட்டில்நெக் கால்குலேட்டர்ல (எந்தப் பாகம் மத்ததைத் தடுக்குதுன்னு சொல்ற வெப்சைட்) போட்டேன். என் செட்டுக்கு 14 சதவீதம் காட்டுது. பயமா இருக்கு.

அந்தப் பக்கத்தை மூடுங்கள். நீங்கள் ஆடும் கேமைத் திறந்து ரெசல்யூஷனைக் கீழே இறக்குங்கள். பிரேம் ஏறினால் கார்டுதான் தடை. ஏறாவிட்டால் பிராசஸர். இலவசம், சரியான விடை.

இரட்டையர்: டிடிஆர்5 ரேம் எடுக்கணும், ஏஎம்5 போர்டு. 7200 வேகம் எடுக்கவா, 6000 எடுக்கவா? ரெண்டு குச்சியா, நாலா? மானிட்டர் 1440பி.

6000, சிஎல்30 (கேட்டதைத் தர ரேம் எத்தனை சுற்று எடுக்கும் என்ற எண்), 16 ஜிபி குச்சி இரண்டு. பெட்டியில் உள்ள வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ செகண்டில் வரும். 6000-ல் சிஎல்30 என்றால் 10. அதே 6000-ல் சிஎல்40 என்றால் 13-க்கு மேல். பழைய டிடிஆர்4 3200 சிஎல்16-க்கும் அதே 10 தான். 7200-க்குப் போனால் ரைசனின் மெமரி கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், அதிகம் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அங்கேயே கரையும்.

நாலு குச்சி வேண்டாம். ரைசன் 7000-ல் இரண்டு குச்சிக்கு ஏஎம்டி உத்தரவாதம் தருவது 5200; நான்கு போட்டால் 3600. பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பு) ஆன் செய்ய மறக்காதீர்கள். செய்யாவிட்டால் 6000 வாங்கி 4800-ல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், பலர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

மடிமேல் பெட்டி: கேமிங் லேப்டாப் எது நல்லது?

எனக்கு இதில் ஞானம் இல்லை.

சிக்கனம்: 8 ஜிபி கார்டு செத்துப்போச்சுன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. 1080பி-தான் ஆடுறேன். 5060 டிஐ 8 ஜிபி போதுமா?

ஆன்லைன் போட்டி கேம்கள் மட்டும் என்றால் போதும். புதுப் பெரிய கதை கேம்களும் ஆடுவீர்கள் என்றால் அதே கார்டின் 16 ஜிபி வடிவத்துக்குப் போங்கள். ரேடியான் பக்கம் 9060 எக்ஸ்டி-யும் இப்படி 8, 16 என இரண்டு வடிவத்தில் வருகிறது.

கடைசி லெவல்: குறுக்கே வரேன் அக்கா. இது சும்மா பீதி. செட்டிங்கை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினா முடிஞ்சது. 1080பி-க்கு 16 ஜிபி விற்பனைத் தந்திரம்.

தந்திரம் எந்தப் பக்கம் என்று பார்ப்போம். 8 ஜிபி 2016-லேயே ஜிடிஎக்ஸ் 1070-ல் வந்தாயிற்று. 2021-ல் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியோடு வந்தது. 2023-ல் 4060 மீண்டும் 8. ஏன்? ஒவ்வொரு மெமரி சிப்பும் 32 பிட் அகலம். 4060-ன் பஸ் (கார்டின் சிப்பையும் மெமரியையும் இணைக்கும் பாதை) 128 பிட். அப்படியானால் நாலு சிப், சிப்புக்கு 2 ஜிபி, மொத்தம் 8. பஸ்ஸைக் குறுக்கியதால் வந்த எண் அது, கேமுக்கு எவ்வளவு தேவை என்று அளந்து வைத்த எண் இல்லை. 5060 டிஐ-யின் 16 ஜிபி வடிவத்தில் போர்டின் பின்பக்கமும் நாலு சிப் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடைசி லெவல்: சரி, ஆனா மெமரி நிரம்பினா கம்ப்யூட்டரோட ரேமை எடுத்துக்கும்ல? நின்னு போகாதே.

நிற்காது, தடுமாறும். 5060 டிஐ-யின் சொந்த மெமரி ஒரு நொடிக்கு 448 ஜிபி கடத்தும். ரேமுக்குப் போகும் பாதை 8 லேன், பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் சுமார் 16 ஜிபி. 3.0 போர்டில் 8. ஆறுவழிச் சாலையிலிருந்து ஒற்றையடிப் பாதைக்கு இறங்குகிற மாதிரி. சராசரி பிரேம் 70 என்று காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு. இன்னொரு வகை கேம் இருக்கிறது, பிரேம் குறையாது; சத்தமில்லாமல் டெக்ஸ்சரை (பொருள்களின் மேல்பரப்பில் ஒட்டும் படம்) மங்கலாக்கிவிடும். சுவரில் ஒட்டிய போஸ்டரின் பக்கத்தில் போய் நின்றாலும் எழுத்து தெளியாது. பெஞ்ச்மார்க் அட்டவணையில் இது தெரியவே தெரியாது.

நடுநிலை: அக்கா சொல்றதுல ஒரு ஓட்டை. 16 ஜிபிக்குக் கூடக் கொடுக்கிற பணத்துல ஒரு படி மேல இருக்கிற 12 ஜிபி கார்டே வந்துடுமே?

வந்தால் அதையே எடுங்கள், மறு பேச்சில்லை. வேகமான சிப்பும் 12 ஜிபியும் சேர்ந்தால் மெதுவான 16-ஐவிட மேல். நான் சொல்வது ஒரே கார்டின் இரண்டு வடிவங்களுக்கு.

கடைசி லெவல்: அப்போ டெக்ஸ்சரை மீடியத்துல வெச்சா என்ன குறைஞ்சுடும்?

மெமரி இருக்கும்போது டெக்ஸ்சரை உயர்த்துவதால் பிரேம் பெரிதாகக் குறையாது. கேமில் கிட்டத்தட்ட ஓசியில் கிடைக்கிற அழகு அது ஒன்றுதான், அதையே முதலில் விட்டுக்கொடு என்கிறீர்கள். உங்களுக்குப் பரவாயில்லை என்றால் 8 எடுத்துச் சந்தோஷமாக ஆடுங்கள். இதற்குமேல் இதே விஷயத்தில் வந்த பதினெட்டுப் பட்டிப் பஞ்சாயத்துக்கும் பதில் மேலேயே இருக்கிறது.

எந்தக் கட்சி: இன்டெல்லா ஏஎம்டியா?

மானிட்டர்?

எந்தக் கட்சி: 1440பி.

இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டில் 12, 13, 14-ஆம் தலைமுறையோடு கதை முடிந்தது. ஏஎம்5-ல் அடுத்த பிராசஸருக்கும் இடம் இருக்கிறது. அதனால் புதிதாகத் தொடங்கினால் ஏஎம்5. 13, 14-ஆம் தலைமுறை இன்டெல்லைப் பழையதாக வாங்குகிறீர்கள் என்றால் கவனம்: அதிக வோல்ட்டேஜால் சிப் நாளடைவில் தளர்ந்துபோகும் கோளாறுக்கு 2024-ல்தான் பயாஸ் வழியாகத் திருத்தம் வந்தது. அதற்கு முன்பே தளர்ந்த சிப்பை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4 ஒரு ரகம், டிடிஆர்5 ஒரு ரகம். பெயரில் சின்ன வித்தியாசம்தான், ரேம் மாறிப்போனால் செருகவே முடியாது.

தண்ணீர்: 7600-க்கு லிக்விட் கூலர் போடலாமா?

வேண்டாம். சாதாரண டவர் கூலர் போதும். அதன் உயரத்தையும் கேபினட் எவ்வளவு உயரம் அனுமதிக்கிறது என்பதையும் ஒப்பிடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுப் பூட்டுங்கள்.

லிஸ்ட் நம்பர் 1: இந்த லிஸ்ட் ஓகேவா? (பதினோரு பாகங்கள், மானிட்டர் இல்லை)

மானிட்டர்?

லிஸ்ட் நம்பர் 2: இது ஓகேவா அக்கா?

மானிட்டர்.

கம்பி எண்ணுபவர்: பழைய பவர் சப்ளையோட சாட்டா கேபிள் (டிஸ்க்குக்குப் போறது) மட்டும் எடுத்துப் புதுசுல போட்டுக்கலாமா? ஒண்ணே ஒண்ணு...

மேலே ‘பழைய பெட்டி’ என்பவருக்கு எழுதியதைப் படியுங்கள். ஒன்றே ஒன்றும் கூடாது.

ஏமாந்தவர்: 4060 போட்டும் 20 பிரேம்தான் வருது. பிராசஸர் 7600. 1080பி. கார்டு டூப்ளிகேட்டா?

மானிட்டர் கேபிளை எதில் செருகியிருக்கிறீர்கள்? போர்டின் பின்பக்கம், யுஎஸ்பி-க்களுக்குப் பக்கத்தில் இருந்தால் 7600-க்குள்ளேயே இருக்கும் குட்டி கிராபிக்ஸில் ஆடுகிறீர்கள். கீழே, கார்டில் செருகுங்கள்.

நடுக்கம்: அக்கா அவசரம். இப்பதான் பூட்டி முடிச்சேன். ஏஎம்5, டிடிஆர்5. ஃபேன் எல்லாம் சுத்துது, திரை கறுப்பு. அஞ்சு நிமிஷமாச்சு.

முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், நடுவில் அணைக்காதீர்கள். பத்து நிமிடம் ஆகியும் வராவிட்டால் அணைத்துவிட்டு, ஒரு குச்சியை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துப் போடுங்கள். அணைத்திருக்கும்போதே போர்டின் மேல் இடது மூலையைப் பாருங்கள், 8 பின் பிராசஸர் கேபிள் இருக்கிறதா?

நடுக்கம்: அங்க ஒண்ணும் இல்ல. 8 பின் கேபிள் கையில ரெண்டு மிச்சம் இருக்கு.

எடுத்துப் பாருங்கள். 4+4 ஆகப் பிரிவது பிராசஸருக்கு. 6+2 ஆகப் பிரிவது கார்டுக்கு, அதை அங்கே திணிக்காதீர்கள்.

நடுக்கம்: 4+4 போட்டேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு வந்துடுச்சு!

நல்லது. பயாஸுக்குள் போய் எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள்.