பழைய மரச்சிற்பங்களை வீட்டில் வைப்பது: கேள்வி பதில்

கேள்வி: நாலடி நீளம், இரண்டடி அகலம், மூன்று அங்குலக் கனத்தில் ஒரு தேக்குச் சிற்பப் பலகை இருக்கிறது. சுவரில் மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், ஆனால் முதலில் எடையைப் பாருங்கள். தேக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. உங்கள் பலகை 37 கிலோவை ஒட்டி வரும், செதுக்கிய அளவுக்குக் கொஞ்சம் குறையும். படம் மாட்டும் கொக்கியும் கம்பியும் இதற்கு ஆகாது. எடையைக் கீழிருந்துதான் தாங்க வேண்டும். எல் வடிவ இரும்புத் தாங்கிகள் இரண்டைச் சுவரில் முடுக்குங்கள். போல்ட் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்க வேண்டும். மேல்பூச்சில் நின்றால் ஒருநாள் பெயர்ந்து வரும். இரும்பு மரத்தை நேராகத் தொட வேண்டாம். ஈரம் பட்டால் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருப்புக் கறை விழும். நடுவில் நுரைப் பட்டை வையுங்கள்.

முன்பக்கம் சாயாமல் இருக்க மேலே ஒரு கொக்கி போதும், அதையும் இறுக்காதீர்கள். காற்றில் ஈரம் ஏறினால் மரம் அகலவாக்கில் உப்பும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் அனேகமாக அசையாது. இரண்டு ஓரத்தையும் கெட்டியாகப் பிடித்துவிட்டால், சுருங்க இடமில்லாமல் நடுவில் வெடிக்கும். அப்புறம், சிற்பத்தில் புதிதாக ஓட்டை போடவே கூடாது.

கேள்வி: ஜன்னலோரம் வைத்தால் அழகாக இருக்கிறதே?

பதில்: வேண்டாம். அருங்காட்சியகங்களில் மரத்துக்கு 200 லக்ஸ் வெளிச்சமே போதும் என்பார்கள். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நிறம் மாறும், ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளையும்.

கேள்வி: என்ன விலை போகும்?

பதில்: அது மதிப்பீட்டாளரின் வேலை. அவரிடம் காட்டும் முன் பாலிஷ் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அடியில் மாவு போலத் தூள் கொட்டுகிறது.

பதில்: துடைத்துவிட்டுக் கருப்புத் தாள் விரித்து வையுங்கள். பழைய துளைகளிலிருந்தும் தூள் உதிரும். ஆனால் அசைக்காமலே தினம் புதிதாக விழுந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கலாம். உடனே பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி, மற்ற மரச் சாமான்களிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, பழம்பொருள் பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பளபளப்புக்கு எந்த எண்ணெய் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். மென்மையான காய்ந்த தூரிகை போதும்.

கேள்வி: ஆளிவிதை எண்ணெயாவது தடவலாமா?

பதில்: இப்போதுதான் சொன்னேன். அதுவும் வேண்டாம்.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆளிவிதை எண்ணெய்தான். ஒரு விரிசல்கூட இல்லை. எண்ணெய் இல்லாவிட்டால் மரம் வறண்டு போகாதா?

பதில்: இந்த நம்பிக்கையால் கெட்ட சிற்பங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். வறண்டு வெடிக்கும் மரம் இழப்பது தண்ணீரை. எண்ணெய் அந்த இடத்தை நிரப்பாது. உங்கள் வீட்டில் விரிசல் விடாததற்குக் காற்றின் ஈரம் ஒரே சீராக இருந்ததே காரணமாக இருக்கும். ஆளிவிதை எண்ணெய் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டிப்பட்டுப் படலமாகும். காயும்வரை தூசியைப் பிடிக்கும், வருடம் ஆக ஆகக் கருக்கும். செதுக்கலின் நுணுக்கமான வரிகளுக்குள் இறுகிவிட்டால் பழைய வண்ணத்தையும் சேர்த்துப் பெயர்க்காமல் எடுப்பது கஷ்டம்.

கேள்வி: சரி, ஏற்கெனவே தடவியாகிவிட்டதே, என்ன செய்ய?

பதில்: இத்தோடு நிறுத்துங்கள். தின்னர், ஸ்பிரிட் எதையும் ஊற்றித் தேய்க்காதீர்கள்; அரக்கு மெருகாக இருந்தால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். ஓரத்தில் ஓர் அங்குலத்தை நிபுணர் சோதித்துப் பார்க்கட்டும்.