1098-க்குச் சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களா?

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் டீச்சராக இருக்கிறேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அடிக்கடி தழும்போடு வருகிறாள். அம்மாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பிள்ளை சித்தப்பா வீட்டில் வளர்கிறாள். சொந்த ஊர் பொள்ளாச்சி. குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னால் ஹோமில் போட்டுவிடுவார்களா? என் சந்தேகம் தப்பாக இருந்தால்?

பதில்: சொல்லுங்கள் டீச்சர், இன்றைக்கே சொல்லுங்கள். சித்தப்பா குற்றவாளியா, பிள்ளை எங்கே வளர வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் தீர்க்க வேண்டியதில்லை. பார்த்ததைச் சொல்வதோடு உங்கள் வேலை முடிகிறது.

‘ஆபத்து எவ்வளவு’ என்பது ஒரு கேள்வி. ‘எந்த அளவு வந்தால் தலையிடலாம்’ என்பது இன்னொன்று. லென் டால்க்லீஷ் என்ற உளவியலாளர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஒரே தழும்பை ஒரே மாதிரி எடைபோடும் இரண்டு அதிகாரிகள்கூட, ஒருவர் உடனே இறங்குவார், மற்றவர் பொறுத்துப் பார்ப்போம் என்பார். நல்லவேளையாக, முடிவை ஒரே ஆளிடம் விடாமல், தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழுவிடம் 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் கொடுத்திருக்கிறது. பிள்ளையின் வீட்டு நிலையை விசாரிக்கும் சமூக விசாரணை 15 நாளிலும், இறுதி ஆணை 4 மாதத்துக்குள்ளும் முடிய வேண்டும். ஹோமில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் அந்தச் சட்டம் வைத்திருக்கிறது. நடைமுறையில் எல்லா இடத்திலும் அப்படியே நடக்கிறதா என்றால், இல்லை. ஆனாலும் அந்தப் பயத்தில் வாய்மூடி இருப்பதற்குப் பிள்ளைதான் விலை கொடுப்பாள்.

நீங்கள் எழுதித் தரும் குறிப்புக்குத்தான் அதிக மதிப்பு. 1973 முதல் 1994 வரை பிரிட்டனில் குழந்தைக் கொடுமை பற்றி வந்த 45 விசாரணை அறிக்கைகளைச் சமூகப்பணி ஆய்வாளர் ஐலீன் மன்றோ அலசினார். முதலில் தோன்றிய எண்ணத்தை, எதிர்ச் சான்று வந்த பிறகும் குழந்தைப் பாதுகாப்பு ஊழியர்கள் எளிதில் மாற்றிக்கொள்ளவில்லை என்பது அதில் தெரிந்தது. ஆகவே ‘சித்தப்பா கொடுமைக்காரர்’ என்று எழுதாதீர்கள். படிப்பவர் மனதில் அது ஒட்டிக்கொள்ளும். ‘செவ்வாய் காலை, இடது முழங்கைக்கு மேலே விரல் நீளத்துக்குச் சூட்டுத் தழும்பு. என்ன ஆச்சு என்றேன். “கரண்டி காய வச்சாங்க” என்றாள்’ என்று எழுதுங்கள். அவள் சொன்ன தமிழை அப்படியே வையுங்கள். இங்கே ஃபைல் மலையாளத்தில் ஓடும். ‘வச்சாங்க’ என்பதில் யார் என்று இல்லை. மொழிபெயர்ப்பவர் அந்த இடத்தில் சித்தப்பாவைப் போட்டு நிரப்பிவிடக் கூடாது.

ஒருமுறை கேட்டாயிற்று அல்லவா, திரும்பத் திரும்பத் துருவ வேண்டாம். சித்தப்பாவைப் பள்ளிக்கு வரவழைத்துக் கண்டிக்கவும் வேண்டாம், சாயங்காலம் அவள் அந்த வீட்டுக்குத்தானே போக வேண்டும்! புண் புதிதாக இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. போட்டோ எடுத்து ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அறவே கூடாது.

பாலியல் தொல்லை என்ற சந்தேகம் துளி இருந்தாலும் நிலைமை வேறு. போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தில் சொன்னது தப்பாகிப் போனாலும் சொன்னவர் மேல் வழக்கு வராது.

பொள்ளாச்சிப் பிள்ளை என்பது தடையில்லை. பிள்ளை இருக்கும் மாவட்டமான பாலக்காட்டுக் குழுவே விசாரிக்கும். நல்லது என்று பட்டால் சொந்த மாவட்டக் குழுவிடம் ஒப்படைக்கும். பள்ளிப் பதிவேட்டில் அம்மாவின் போன் நம்பர் இருந்தால் 1098-இல் பேசும்போதே கொடுத்துவிடுங்கள். பிள்ளையை யாரிடம் விடுவது என்று வரும்போது குழு முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தான்.