ஹாம் (அமெச்சூர்) ரேடியோ ஆன்டெனா டவருக்கான யூ-போல்ட், த்ரஸ்ட் பேரிங், மாஸ்ட் கிளாம்ப் எல்லாம் நம்மூரில் எங்கே கிடைக்கும்?

கேட்லாக்கில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது. அளவைச் சொல்லிக் கேளுங்கள், முக்கால்வாசி கிடைத்துவிடும். மிச்சத்தை லேத் பட்டறையில் செய்து வாங்கிவிடலாம்.

முதலில் பைப்பின் விட்டத்தை அளக்க ஒரு வெர்னியர் வாங்குங்கள். அமெரிக்க ஹாம் கேட்லாக்கில் 2 அங்குல மாஸ்ட் (டவர் உச்சியில் ஆன்டெனாவைத் தாங்கும் குழாய்) என்றால் வெளி விட்டம் 50.8 மி.மீ. நம் கடையில் 2 அங்குல ஜிஐ பைப் கேட்டால் கைக்கு வருவது 60.3 மி.மீ. ஒன்றரை அங்குலம் கேட்டால் 48.3. ஆக, வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கிளாம்ப் ஒரு பைப்பில் நுழையாது, இன்னொன்றில் லொடலொடவென்று ஆடும். பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மாஸ்ட்டைத் திருப்பும் மோட்டாரான ரோட்டேட்டரில், யேசு ஜி-1000 வகையின் கிளாம்ப் மட்டும் 38 முதல் 63 மி.மீ. வரை பிடிக்கும், அங்கே கவலையில்லை.

யூ-போல்ட்டுக்குப் பலர் சென்னையின் வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போய் சைலன்சர் கிளாம்ப் வாங்குவார்கள். இரும்புப் பைப்புக்குச் சரி. அலுமினிய பூமில், அதாவது ஆன்டெனாவின் நடுக்குழாயில், போட்டு இறுக்கினால் அதன் தகட்டுச் சேடில் (குழாயை அணைத்துப் பிடிக்கும் துண்டு) குழாயை நசுக்கிவிடும். நான் பட்டறையில் 10 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ராடைக் கொடுத்து, 60.3 பைப்புக்கு இரண்டு கால்களுக்கு நடுவே உள் அகலம் 61 மி.மீ., இரு பக்கமும் 40 மி.மீ. மரை என்று தாளில் வரைந்து கொடுத்துவிடுவேன். 'யூ-போல்ட்டு வளைச்சுக் கொடுங்க' என்று வாயால் மட்டும் சொன்னால் அவர்கள் கையில் இருக்கும் அச்சின் அளவுக்குத்தான் வளைந்து வரும். சேடிலுக்கு ஒரு சின்ன சி-சேனல் துண்டு போதும். அதன் இரண்டு விளிம்பிலும் 'வி' வடிவ வாய் வெட்டினால் பைப்பை இரண்டு இடத்தில் கவ்வும். ஸ்டெயின்லெஸ் நட்டை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள், இல்லையென்றால் பாதியில் இறுகி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கடலோரம் என்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் வேண்டாம், 316 கேளுங்கள். பளபளவென்று மின்முலாம் பூசிய கடை போல்ட் உப்புக்காற்றுக்குச் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

டவர் உச்சியில் மாஸ்ட்டைப் பிடித்துச் சுழலவிடும் த்ரஸ்ட் பேரிங்தான் இருப்பதிலேயே சுலபம். ரைஸ் மில், கன்வேயரில் போடும் நான்கு போல்ட் ஃபிளேஞ்ச் பேரிங் எந்த பேரிங் கடையிலும் இருக்கும். அதில் யுசிஎஃப் 210 என்ற எண்ணுள்ளதன் துளை 50 மி.மீ. 48.3 பைப்பைச் சுற்றி மெல்லிய தகடு ஒன்று விட்டால் கச்சிதமாக உட்காரும். 60.3 பைப்புக்கு 212 மயிரிழை அளவு பத்தாது, 65 மி.மீ. துளையுள்ள 213-ஐ வாங்கி, உள்ளே ஒரு புஷ் (இடைவெளியை நிரப்பும் வளையம்) கடைந்து போடுங்கள். பேரிங்கின் திருகாணி இறுகியிருந்தால் ரோட்டேட்டரைக் கழற்றும்போது மாஸ்ட் கீழே சறுக்காது. ஆனாலும் ஆன்டெனாவின் முழு எடையையும் அந்தத் திருகாணியை மட்டும் நம்பி விடாதீர்கள், பேரிங்குக்கு மேலே, அதன்மீது உட்காரும்படி மாஸ்ட்டில் ஒரு கிளாம்ப் போடுங்கள்.

காற்றில் மாஸ்ட் கிளாம்புக்குள் சுழன்று திசை மாறிவிடுகிறது என்று குறுக்கே துளைபோட்டு போல்ட் அடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புயல் அடிக்கும்போது கிளாம்ப் கொஞ்சம் வழுக்கினால் திசையை மறுபடி சரிசெய்துகொள்ளலாம், ரோட்டேட்டரின் பல்சக்கரம் உடைந்தால் அதற்கு மாற்று எந்தப் பட்டறையிலும் கிடைக்காது.

டவரையே ரோன் 25 என்ற அமெரிக்க டவர் மாதிரி வேண்டும் என்று தேடாதீர்கள். கனமான இரும்புக்கு கூரியர் செலவும் சுங்கவரியும் சேர்ந்தால் பொருளின் விலையைத் தாண்டிவிடும். உள்ளூர் ஃபேப்ரிகேட்டரிடம் முக்கோண டவர் செய்யச் சொல்லி, துளை எல்லாம் போட்டு முடித்த பிறகு ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்குவது) செய்ய அனுப்புங்கள். போல்ட்டுகளையும் அதோடு முக்குவதாக இருந்தால் நட்டின் மரையைச் சற்றுப் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள், துத்தநாகம் ஏறிய மரையில் சாதா நட்டு ஏறாது.